வாரம் ஒரு குடம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்)

மீன் தொட்டி என்றதும் நம் நினைவுக்கு வருவது வசதி படைத்தோர் வீட்டு வரவேற்பறைதான். லாரித் தண்ணீரை நம்பி வாழும் கிண்டித் தெரு ஒன்றில், ஒற்றை அறை வீட்டில் அதற்கென்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

எங்கள் அப்பா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர். 2023ஆம் ஆண்டுக் கோடையில், வீடு மாற்றிப் போன ஒருவர் வேண்டாமென்று விட்ட கண்ணாடித் தொட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். "மனுசங்களுக்கே தண்ணி இல்ல, மீனுக்கு ஊத்தணுமா?" என்றார்கள் அம்மா. அது வெறும் கோபமன்று. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வற்றியபோது, நள்ளிரவில் குடங்களோடு வரிசையில் நின்றவர்கள் அவர்கள்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆகவே விடை சொல்லும் பொறுப்பு என்மீது விழுந்தது. கணக்குப் போட்டேன். தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக ஏறத்தாழ 50. ஒருமுறை நிரப்பிவிட்டால், பிறகு வாரந்தோறும் கால்பங்கு மாற்றினால் போதும். அது ஒரு பிளாஸ்டிக் குடத்துக்குள் அடங்கிவிடும். "வாரம் ஒரு குடம்" என்று ஒப்பந்தமாயிற்று.

ஏன் கால்பங்கு மட்டும்? மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவைக் கழிக்கிறது. தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அம்மோனியா ஆகிறது. அது நஞ்சு. பாக்டீரியாக்களில் ஒரு கூட்டம் அதை நைட்ரைட்டாக்குகிறது. இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. வினோகிராட்ஸ்கி என்னும் ரஷ்ய அறிஞர் 1890 வாக்கில் இந்தப் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். இவை கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். அதனால்தான் பஞ்சைக் குழாய் நீரில் அலசாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். குளோரின் இவற்றைக் கொல்லும். மீனின் செவுளையும் கெடுக்கும். லாரி நீரை அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். அவசரத்துக்குச் சோடியம் தயோசல்பேட் உண்டு. நம் ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டில் நிரப்புகிறோமே, அதே உப்புதான்!

இதை அப்பாவிடம் விளக்கியபோது, "லேத்துல கூலண்ட்டை மாத்தாம விட்டா நாத்தம் அடிக்கும். பாத்தா நல்லாத்தான் இருக்கும். அதே கதைதானப்பா?" என்றார். நான் பல பக்கங்கள் புரட்டி அறிந்ததை அவர் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்.

வீடுகளில் தொட்டி கட்டி வண்ணமீன் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் கொளத்தூரில் பல உண்டு. அங்கிருந்து ஆறு கப்பி மீன்கள் வாங்கி வந்தோம். அவ்வாண்டு டிசம்பர் 4ஆம் நாள், மிக்ஜாம் புயல் மழையில் மின்சாரம் நின்றது; காற்றுப் பம்பும் நின்றது. நீரின் மேற்பரப்பு அசைந்தால் ஆக்சிஜன் நன்கு கரையும் என்பதால், தொட்டி நீரையே சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தேன். எப்போது கண்ணயர்ந்தேனோ தெரியாது. விழித்தபோது மெழுகுவத்தி வெளிச்சத்தில் அம்மா ஊற்றிக்கொண்டிருந்தார்கள். "நீ படுடா, நான் பாத்துக்கறேன்" என்றார்கள். ஆறு மீன்களும் பிழைத்தன.

எடுத்த நீரும் வீணாவதில்லை. நைட்ரேட் செடிக்கு உரமல்லவா? அது வாசலிலுள்ள கறிவேப்பிலைக்குப் போகிறது. கறிவேப்பிலை குழம்புக்கு வருகிறது. இந்தக் கணக்கு அம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

"கெமிஸ்ட்ரி படிச்சு என்ன பண்ணப் போற?" என்று உறவினர்கள் இன்றும் கேட்கிறார்கள். வேலை கிடைக்கும்போது கிடைக்கட்டும். படித்த பாடம் வீட்டுக் குடத்துக்குக் கணக்குச் சொல்லும்போது, படிக்காத பெற்றோரும் அப்பாடத்தில் பங்காளிகள் ஆகிவிடுகிறார்கள்.

மாணவ நண்பர்களே! யாரேனும் ஒதுக்கிய தொட்டி கிடைத்தால் விடாதீர்கள். மீன்களைச் சிறுகச் சிறுக விடுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி போடுங்கள். தண்ணீரைக் கவனியுங்கள், மீன் தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும்.