அப்பா வச்ச கிரீஸ்

தோட்டத்துக்கு வர்ற பட்டணத்து நண்பர்கள் தென்னையைப் பார்க்கறாங்களோ இல்லையோ, சாளைக்குள்ள டிராக்டருக்குப் பக்கத்துல நிக்கற வெள்ளைக் காரைப் பார்த்துடுவாங்க. "பழைய ஃபியட்டுங்களா?" ஃபியட்டும் இல்ல, அம்பாசடரும் இல்ல. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1966-ல வந்த இரண்டு கதவு வண்டி. கோயமுத்தூர்ல ஒரு மில் மேனேஜர்கிட்ட இருந்து 1979-ல அப்பா வாங்கினது. அந்த வருசம் மஞ்சள் நல்ல விலை போச்சுன்னு அம்மா இன்னைக்கும் சொல்வாங்க.

இந்தக் கார் சென்னைக்கு வெளிய வண்டலூர் தொழிற்சாலையில செஞ்சது. ஆனா பொறந்த ஊரு இங்கிலாந்துல கோவென்ட்ரி. அங்க 1959-ல 'டிரையம்ப் ஹெரால்டு'ன்னு வந்தது, 1961-லிருந்து நம்ம ஊர்ல 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' ஆச்சு. உருவம் வரைஞ்சவர் ஜியோவானி மிக்கலோட்டிங்கற இத்தாலிக்காரர். இதே சேஸைக் கொஞ்சம் குட்டையாக்கி, மேல ரெண்டு பேர் மட்டும் உக்கார்ற திறந்த பாடியை வச்சு 1962-ல விட்டதுதான் 'ஸ்பிட்ஃபயர்' ஸ்போர்ட்ஸ் கார். அதுக்கும் கோடு போட்டது மிக்கலோட்டிதான். ஸ்பிட்ஃபயர் 1980 வரைக்கும் வந்துச்சு. அதனால நம்ம ஹெரால்டுக்கு இங்க சாமான் கிடைக்காம போன பிறகும், அதோட பங்காளிக்கு இங்கிலாந்துல இன்னும் புதுசாச் செஞ்சு விக்கறாங்க. இந்த உறவுமுறை தெரிஞ்சிருக்காட்டி நான் இந்த வண்டியில கையே வச்சிருக்க மாட்டேன்.

இன்னொரு உறவும் இருக்கு. என்னோட டிராக்டர் மாஸி ஃபெர்குசன் 1035. அதோட பாட்டன் ஃபெர்குசன் டி.ஈ.20, சின்னச் சாம்பல் நிற டிராக்டர். 1946-லிருந்து 1956 வரைக்கும் அஞ்சு லட்சத்துக்கும் மேல செஞ்சாங்க. செஞ்சது யாருன்னு நினைக்கறீங்க? இதே ஸ்டாண்டர்டு கம்பெனிதான், இதே கோவென்ட்ரியில. 'வான்கார்டு'ன்னு அவங்க விட்ட குடும்பக் காருக்கும் அந்த டிராக்டருக்கும் ஒரே குடும்பத்து இன்ஜின். அதையே ரெண்டு லிட்டருக்குக் கீழ சுருக்கி, ரெண்டு கார்புரேட்டர் வச்சு, 1953-ல டி.ஆர்.2-ன்னு ஸ்போர்ட்ஸ் கார் விட்டாங்க. டிராக்டர் இன்ஜின்ல ரேஸ் ஓடறான்னு அந்தக் காலத்துல கேலி பேசினாங்களாம். எனக்கென்னமோ அது கேலியாத் தெரியல. உழவுக்குத் தாங்கற இன்ஜின் ரோட்டுக்குத் தாங்காதா?

அந்த நாட்டுல இந்தக் கார்களை வீட்டுக் கொட்டகையில வச்சே ஆளுங்க பிரிச்சு மாட்டறாங்கன்னா, அது வெறும் பொழுதுபோக்குப் பைத்தியம் மட்டும் இல்ல. வண்டிகளே அப்படிச் செஞ்சது. விலை குறைவா இருக்கணும்னு சாதாரணக் கார்ல இருந்து சாமான் எடுத்துக் கோத்த வண்டிங்க அவை. 1958-ல வந்த ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட்ல இன்ஜின் ஆஸ்டின் ஏ35-ல இருந்து வந்தது, ஸ்டீயரிங் ராக் மோரிஸ் மைனர்ல இருந்து வந்தது. எம்.ஜி.பி. காருக்கு 1988-லிருந்து பழைய அச்சுலயே முழுப் பாடியும் புதுசா அடிச்சுக் கொடுக்கறாங்க. அவங்களுக்குப் பெரிய எதிரி குளிர்காலத்துல ரோட்டுல போடற உப்பு. நமக்கு எலியும் குளவியும்.

அப்பா 2009-ல போயிட்டார். அதுக்கப்புறம் எட்டு வருசம் வண்டி சாளையிலயே நின்னுச்சு. 2016-ல ஐப்பசி மழை பொய்ச்சு, அடுத்த கோடையில கிணறு காஞ்சு போச்சு. போர்ல மண்ணுதான் வந்துச்சு. இருநூத்திச் சொச்சம் தென்னை மண்டை காஞ்சு நின்னதைப் பார்த்துக்கிட்டு வீட்டுல உக்கார முடியல, தோட்டத்துல செய்யறதுக்கும் வேலை இல்ல. ஒருநாள் காலையில போயி கார் மேல கிடந்த தார்ப்பாயை இழுத்தேன். மச்சான் வந்து பார்த்துட்டு, "கோயமுத்தூர்ல ஒருத்தர் நல்ல விலை கேக்கறாரு மாப்ள, குடுத்துட்டுப் போரை ஆழப்படுத்துங்க"ன்னார். சொன்னதுல தப்பில்ல. எனக்குத்தான் மனசு வரல.

ஹெரால்டுல வேலை செய்யறது ஒரு சுகம். போனட்டு, மட்கார்டு, முன்விளக்கு எல்லாம் ஒரே உருப்படியா முன்பக்கமாச் சாயும். இன்ஜின் முழுசும் வெளிய வந்துடும். முன்டயர் மேலயே திண்ணையில உக்கார்ற மாதிரி உக்காந்துக்கிட்டு வேலை பார்க்கலாம். பாடியும் சேஸோட பற்ற வச்சதில்ல, போல்ட்டுதான். இதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு. அவங்களுக்குப் பாடி செஞ்சு குடுத்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனிக்காரன் வாங்கிட்டான். முழுப் பாடி ஒரே இடத்துல கிடைக்கலைன்னு, துண்டு துண்டா வெவ்வேற இடத்துல செஞ்சு பூட்டற மாதிரி வடிவமைச்சாங்க. அந்தச் சங்கடத்தாலதான் தோட்டத்து ஆளுங்க நாலு பேரை வச்சு நான் பின்பாதியைத் தூக்கி வைக்க முடிஞ்சது.

சீட்டுக்குள்ள எலி குட்டி போட்டிருந்தது. ஒயர்ல சுத்தின துணியைக் கொறிச்சுச் செம்பு மட்டும் மிச்சம். பெட்ரோல் குழாய் வாயில குளவி மண் கூடு. இன்ஜின் இறுகிக் கிடந்துச்சு. பிளக்கைக் கழட்டி ஒவ்வொரு சிலிண்டர்லயும் டீசலும் ஆயிலும் கலந்து ஊத்தி ஒரு வாரம் ஊறவிட்டேன். எட்டாம் நாள் பெரிய ஸ்பேனரைப் போட்டு மெதுவாத் தள்ளினப்ப 'நெறுக்'ன்னு ஒரு சத்தம், பிறகு சுத்துச்சு. கத்தணும் போல இருந்துச்சு, பக்கத்துல எருமை மட்டும்தான் நின்னுச்சு.

வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். இந்த வகை டிரையம்ப் இன்ஜின்ல முதல்ல பார்க்க வேண்டியது பெயின்டும் சீட்டும் இல்ல. ஒருத்தரை உள்ள உக்கார வச்சு கிளட்சை மிதிக்கச் சொல்லிட்டு, முன்னால நின்னு கிராங்க் புல்லியைப் பாருங்க. புல்லி கண்ணுக்குத் தெரியற மாதிரி முன்ன பின்ன நகர்ந்தா, உள்ள இருக்கற அரைவட்ட வாஷர் தேஞ்சிருச்சுன்னு அர்த்தம். அப்படியே ஓட்டினா அது கழண்டு கீழ விழுந்து கிராங்கையும் பிளாக்கையும் தின்னுடும். எனக்கு இதைச் சொல்லிக் குடுத்தவர் கோயமுத்தூர்ல எழுபதுகள்ல ஹெரால்டே கதின்னு கிடந்த ஒரு பெரியவர். வெளிச்சம் எரியலைன்னா பல்பை மாத்தாதீங்க, எர்த்து ஒயர் மாட்டற இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேயுங்கன்னதும் அவர்தான். இங்கிலாந்துக்காரங்க லூகாஸ் மின்சாமானைக் கிண்டலா 'இருட்டின் இளவரசன்'னு சொல்வாங்க. என் வண்டியில இருட்டுக்குக் காரணம் பாதி எர்த்து, பாதி எலி.

ரெண்டு வருசம் ஆச்சு. 2019 தையில வண்டி ஓடிருச்சு. முதல் பயணம் குலதெய்வம் கோயிலுக்குத்தான்னு அம்மா எப்பவோ முடிவு பண்ணி வச்சிருந்தாங்க. பட்டுச்சேலை கட்டி, அப்பா இருந்தப்ப உக்கார்ற அதே இடத்துல உக்காந்தாங்க. போறப்ப ஒண்ணும் ஆகல. வர்றப்ப வாய்க்கால் பாலத்துல இருந்து நம்ம தடத்துக்குத் திருப்பினேன். ஆள் நடக்கற வேகம்தான். ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சேன். 'டொக்'ன்னு ஒரு சத்தம். இடதுபக்கம் அப்படியே மண்ணுல உக்காந்துருச்சு.

"ஏஞ் சாமி, குழியில எறங்கிருச்சா?"ன்னாங்க அம்மா.

இறங்கிப் பார்த்தா, முன்சக்கரம் மட்கார்டுக்கு அடியில மடங்கிப் படுத்திருக்கு, கால் ஒடிஞ்ச கன்னுக்குட்டி மாதிரி. பின்னால லாரி எதுவும் வரல. பாலத்து மேலயே ஆகியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அன்னைக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அரைமணி நேரம் முன்னாடி இதே வண்டியை மெயின் ரோட்டுல அறுபதுல ஓட்டியிருக்கேன்.

டிராக்டர் வந்து இழுத்துக்கிட்டுப் போறப்ப அம்மா ஒண்ணு சொன்னாங்க. "உங்கப்பா முப்பது வருசம் ஓட்டினாரு. ஒருநாளும் இப்படி நடுரோட்டுல உக்கார வைக்கல."

ஒடிஞ்ச உருப்படியை எடுத்துக்கிட்டுக் கோயமுத்தூர்ப் பெரியவர்கிட்டப் போனேன். சக்கரத்தைத் தாங்கற செங்குத்தான இரும்பு அது. அதோட அடிமுனையில மரை வெட்டியிருக்கும். அந்த மரை, 'டிரன்னியன்'ங்கற ஒரு பித்தளைக் கட்டைக்குள்ள திருகி நிக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பறப்ப எல்லாம் இரும்பு அந்த மரையிலயே சுத்தும். இடதுபக்கத்துக்கு இடது மரை, வலதுபக்கத்துக்கு வலது மரை. பெரியவர் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு ஒடிஞ்ச வாயைப் பார்த்தார். முக்கால்வாசி துருப்பிடிச்சுக் கறுத்திருந்தது. கால்வாசிதான் புதுசா மினுமினுன்னு இருந்தது. பல வருசமாக் கீறல் விட்டு, மிச்சம் இருந்த கால்வாசியிலதான் நாங்க கோயிலுக்குப் போயிருக்கோம்.

பித்தளைக் கட்டைக்குள்ள விரலை விட்டு, சாக்பீஸ் மாதிரி இறுகின கிரீஸை எடுத்துக் காட்டினார். "இதுக்கு யாருங் தம்பி கிரீஸ் அடிச்சது? இதுக்கு ஆயிலுங்க. தொண்ணூறு நம்பர் கியர் ஆயிலு. கிரீஸு மரைக்குள்ள போகாது, வாயில நின்னு அடைச்சுக்கும். தண்ணி உள்ள போயித் துரு புடிக்கும், இறுகிக்கும். புக்குலயே போட்டிருக்குமே."

புக்கு என்கிட்டதான் இருந்துச்சு. வண்டி டேஷ்போர்டு பெட்டியில, ஓரமெல்லாம் பூச்சி அரிச்ச இங்கிலீஷ் புக்கு. பிளக் இடைவெளிக்கும் பாயின்ட் இடைவெளிக்கும் ஆயிரம் தடவை பிரிச்சிருக்கேன். உயவுப் பக்கத்தைப் பிரிச்சதில்ல. அங்க போட்டிருந்துச்சு, ஆயில்னு.

கிரீஸ் அடிச்சது அப்பா. வருசா வருசம் ஆயுத பூஜைக்கு முதல் நாள், டிராக்டருக்கு அடிச்ச கையோட அதே கிரீஸ் கன்னை எடுத்துட்டு வந்து, வெளிய பிதுங்கற வரைக்கும் அடிப்பார். பிதுங்கினதைத் துணியில துடைச்சுப் பொட்டு வைப்பார். அவர் எட்டாவது வரைக்கும் படிச்சவர், அந்த இங்கிலீஷ் புக்கு அவருக்கு ஆகாது. டிராக்டர்ல எங்க நிப்பிள் இருக்கோ அங்க கிரீஸ், அதுதான் அவருக்குத் தெரிஞ்ச நியாயம். அந்த ஊர்ல எந்த வண்டியை விடவும் நல்லாப் பார்த்துக்கிட்ட வண்டி அது. அவர் மாதிரியே நானும் புதுசா அடிச்சு, பிதுங்கினதைத் துடைச்சுட்டுத்தான் அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன்.

எனக்கு அவர் மேல கோவம் வரல. ஆனா பெரியவர் பட்டறையில இருந்து பஸ்ஸு ஏறி உக்காந்த பிறகு என்னமோ தொண்டையை அடைச்சுது.

இரும்பு ரெண்டும் சேலத்துப் பக்கம் உடைக்கப் போட்டிருந்த ஒரு ஹெரால்டுல கிடைச்சது. அதை நம்பி மாட்ட முடியுமா? லேத் பட்டறையில சிவப்புச் சாயம் அடிச்சுத் துடைச்சு, மேல வெள்ளைப் பொடி தூவிப் பார்த்தோம். கீறல் இருந்தா வெள்ளையில சிவப்புக் கோடு விழும். நல்லவேளை, விழல. பித்தளைக் கட்டையும் ரப்பர் புஷ்ஷும் இங்கிலாந்துல இருந்து வந்துச்சு, ஸ்பிட்ஃபயருக்குன்னு செஞ்சது. அட்டைப்பெட்டியை விடக் கஸ்டம்ஸ் காகிதம்தான் கனம். ஒரு சாயங்காலத்துல மாட்டிட்டேன். மச்சான் மறுபடியும் விலையைச் சொன்னார், முன்னைக்கு இருபதாயிரம் கூட. அந்த வருசம் நல்ல மழை. கிணத்துல தண்ணி இருந்ததால மறுப்புச் சொல்றது சுலபமா இருந்துச்சு.

இப்ப மூணு மாசத்துக்கு ஒருக்கா ஜாக்கி போட்டுத் தூக்கி, பாரம் இறக்கி, ஆயிலைச் செலுத்தறேன். கீழ சொட்டற வரைக்கும். ஆயில்னா கசியும், சாளைத் தரையெல்லாம் கறை. அம்மா அதுக்கும் திட்டுவாங்க.

அம்மாகிட்ட ஏன் ஒடிஞ்சதுன்னு நான் சொல்லல. பழைய இரும்பு, அவ்வளவுதான்னேன். எனக்குப் பார்த்துக்கத் தெரியலைன்னு அவங்க நினைச்சுக்கட்டும். அவங்க இதையெல்லாம் படிக்க மாட்டாங்க, நீங்க யாரும் வீட்டுக்கு வந்தா வாயைத் திறக்காதீங்க.

போன ஆயுத பூஜைக்கு முதல் நாள் அவங்களே பரண்ல இருந்து அப்பாவோட கிரீஸ் கன்னை எடுத்துத் துடைச்சுக் கொண்டுவந்து குடுத்தாங்க. பழைய கன்னு, பிடி தேஞ்சு பளபளன்னு இருக்கும். சாளைக்குள்ள போயி அதைக் கழட்டி, உள்ள இருந்த கிரீஸையெல்லாம் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். தொண்ணூறு நம்பர் ஆயிலை நிரப்பி, வண்டிக்கு அடியில படுத்தேன்.

"கிரீஸ் வச்சாச்சா சாமி?"ன்னு வாசல்ல இருந்து கேட்டாங்க.

"வச்சாச்சுங்கம்மா."

"பிதுங்கற வரைக்கும் அடி. உங்கப்பா அப்படித்தான் அடிப்பாரு."