சோற்றுப் பார்சல் இல்லாத பயணம்

யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்குப் பயணம் என்றால் எங்கள் வீடுகளில் முதலில் ஆயத்தமாவது சோற்றுப் பார்சல்தான். எனக்கு அது கட்டி இரண்டு வருடமாகிறது. நீரிழிவு காரணமாக, வைத்தியரின் கண்காணிப்பில் கீட்டோ எனப்படும் உணவுமுறையில் இருக்கிறேன். இதே நோயால் என் அம்மாவின் கால்விரல்கள் இரண்டை எடுத்தார்கள். அதைப் பார்த்தவளுக்குச் சோறு பெரிய இழப்பல்ல.

இது மெலிவதற்காகப் புதிதாக வந்த முறை என்று பலர் எண்ணுகிறார்கள். 1921ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வைத்தியர் றஸல் வைல்டர் வலிப்பு நோயாளருக்காக முன்வைத்தது இது. மாப்பொருளை மிகவும் குறைத்தால் ஈரல் கொழுப்பில் இருந்து கீற்றோன்களை உண்டாக்கும். உடல் அதை எரிபொருளாக்கும். அதற்கு நாளொன்றுக்கு மாப்பொருள் பெரும்பாலும் 50 கிராமுக்குள் நிற்க வேண்டும். ஒரு கோப்பைச் சோற்றிலேயே ஏறத்தாழ 45 கிராம் இருக்கிறது.

ஆகவே என் பையில் அவித்த முட்டை (கோது உரிக்காமல்), மொறுமொறுப்பாகப் பொரித்த நெத்தலி, தேங்காய்ச் சொட்டு, வெள்ளரிக்காய். தேங்காய்ச் சம்பல் கொண்டுபோவதில்லை, வெக்கையில் புளித்துவிடும். முட்டையையும் சில மணித்தியாலங்களுக்குள் முடித்துவிடுவேன். புகையிரதத்தில் வடை வாசம் வரும்போது மனம் போகத்தான் செய்யும். ஒரு சிறங்கை கச்சானோடு சமாளிக்கலாம்.

உணவைவிட முக்கியம் தண்ணீர். மலசலகூடத்துக்குப் பயந்து பெண்கள் நாம் வழியில் குடிப்பதே இல்லை. இந்த உணவுமுறையில், அதுவும் தொடக்க வாரங்களில், உடலில் இருந்து உப்பும் நீரும் கூடுதலாக வெளியேறும். தலையிடி, கால் குரக்கை, மயக்கம் எல்லாம் அதனால் வரலாம். நான் தேசிக்காய்த் தண்ணீரில் உப்புப் போட்டு ஒரு போத்தல் கொண்டுபோய்க் குடித்துக்கொண்டே இருப்பேன். இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் உப்பைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

குளிசைப் பையில் சீனிப் பக்கற்று ஒன்றும் இருக்கும். இன்சுலினோ சில நீரிழிவுக் குளிசைகளோ எடுப்பவர்களுக்கு இந்த உணவில் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். கை நடுங்கி வியர்த்தால், அளவு 70க்குக் கீழே போனால், உணவுமுறையை மறந்து சீனியைச் சாப்பிட வேண்டும். டாபாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் இதில் இறங்கவே கூடாது. இரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

போய் இறங்கும் வீடுதான் உண்மையான சோதனை. "ஒரு பிடி சோறாவது சாப்பிடுங்கோ மச்சாள், என்ரை சமையல் பிடிக்கேல்லையோ?" என்று கண் கலங்கினால் என்ன சொல்வது? இப்போது முதல்நாளே தொலைபேசியில், "மச்சாள், உங்கடை மீன்குழம்பும் வல்லாரைச் சம்பலும் எனக்குப் போதும்" என்று கேட்டுவிடுவேன். கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் அவவுக்கும் மனம் குளிரும். என்றாலும் நான் படுத்தபிறகு, "இவ இப்பிடியே காய்ஞ்சு போகப்போறா" என்று அண்ணாவிடம் சொல்வது கேட்கும்.

சாப்பாட்டுக் கடையில் பருப்பு, உருளைக்கிழங்கு, பூசணி மூன்றையும் தள்ளிவிட்டு மீன், கீரை, முட்டை எடுப்பேன். கத்தரிக்காய் மோஜுவில் சீனி சேர்ப்பார்கள், கவனம். சோறில்லாத தட்டுக்கு எவ்வளவு சொல்வதென்று காசாளர் யோசிப்பார். கடைசியில் சோற்றுக்கும் சேர்த்தே வாங்குவார்.