வேலிக்குள் ஒரு வழங்கி

ஆவணம் என்ற சொல்லைக் கேட்டால் யாழ்ப்பாணத்துப் பத்திரிகையாளனுக்கு நெருப்புத்தான் முதலில் நினைவுக்கு வரும். 1981 இல் மூட்டப்பட்ட தீயில் பொது நூலகத்தின் சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அதே நாட்களில் 'ஈழநாடு' பணிமனையும் எரிந்தது. பின்னர் பொருளாதாரத் தடைக் காலத்தில் பாடசாலைக் கொப்பித் தாளிலும் பத்திரிகை அச்சானது. அவ்வாறு வந்தவற்றுள் எஞ்சியதற்கு ஒரு பட்டியல் இருக்குமாயின், அதைக் கைவிட மனம் ஒப்புவதில்லை.

அத்தகைய பட்டியலொன்று எங்களிடம் விண்டோஸ் எக்ஸ்பி கணினியொன்றில், அப்பாச்சி வலை வழங்கியின் துணையுடன், பாமினி எழுத்துருவில் இருந்தது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் நின்றுவிட்டது, கணினியும் தளர்ந்துவிட்டது. எனவே வன்தட்டை அப்படியே பிரதியெடுத்து, வேர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருளின் உதவியால் புதிய கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியாகக் குடியேற்றினோம்.

உள்ளே உலாவியில் 127.0.0.1 என்று தட்டினால் பட்டியல் திறந்தது. வெளியே, புதிய கணினியின் உலாவியில் அதே முகவரிக்கு மறுமொழி இல்லை. காணி வழக்கொன்றுக்காகத் தம் கணவரின் மரண அறிவித்தல் வெளியான திகதியைத் தேடி ஓர் அம்மா வந்திருந்தார். உள்ளே தேடிக் கண்டுபிடித்தேன். ஆனால் புதிய அச்சுப்பொறியை எக்ஸ்பி அறியாது. கடதாசித் துண்டில் கையால் எழுதிக் கொடுத்தேன். ஆயிரக்கணக்கான பக்கங்களை அவ்விதம் வெளியே கொண்டுவர இயலாது.

127.0.0.1 என்பது 'நான்' என்பதைப் போன்றது. சொல்பவர் யாரோ, அவரையே குறிக்கும். புதிய கணினி அதைச் சொன்னால் தன்னையே தேடும். தனக்குள் குடியிருக்கும் எக்ஸ்பியைத் தேடாது. எக்ஸ்பியின் முகவரி 10.0.2.15. அதைத் தட்டியும் பயனில்லை. வேர்ச்சுவல்பொக்ஸ் இயல்பாக அமைக்கும் 'நாட்' முறையில் உள்ளிருப்பவர் வெளியே போகலாம், வெளியார் தாமாக உள்ளே வர முடியாது. எங்களூர்க் கிடுகு வேலியை நினைத்துக்கொள்ளுங்கள். அயலார் வந்துபோக அதில் ஒரு பொட்டு வைக்க வேண்டும். 'போர்ட் ஃபோர்வேர்டிங்' என்பது அதுதான். புதிய கணினியின் 127.0.0.1, போர்ட் 8080 க்கு வருவதை, 10.0.2.15 இன் போர்ட் 80 க்கு அனுப்புமாறு விதி எழுதினோம்.

அப்போதும் திறக்கவில்லை. இவ்விடத்தில் பலர் எக்ஸ்பியின் தீச்சுவரை முற்றாக அணைக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் உள்ளேயிருந்தே 10.0.2.15 என்று தட்டிப் பார்க்க வேண்டும். திறந்தால் தீச்சுவரைச் சந்தேகிக்கலாம். திறக்காவிட்டால் குறை வழங்கியிலேயே உள்ளது. எங்களுக்குத் திறக்கவில்லை. அப்பாச்சியின் அமைவுக் கோப்பில் 'லிசன்' என்ற வரி 127.0.0.1:80 என்றிருந்தது. அன்று அமைத்தவர் பாதுகாப்புக் கருதி, தன் வீட்டுக் குரலுக்கு மட்டும் செவிகொடுக்கப் பணித்திருந்தார். அதை 80 என்று மட்டும் மாற்றி, வழங்கியை மீண்டும் தொடக்கினோம். தீச்சுவரில் அந்த ஒரு போர்ட்டுக்கு மாத்திரம் விதிவிலக்கு அளித்தோம்.

'பிரிட்ஜ்' முறை இலகுவானது என்றார் உடனிருந்த தம்பி. அதில் எக்ஸ்பிக்கு ஒழுங்கையிலேயே தனிப் படலை கிடைத்துவிடும். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன கிழட்டு இயங்குதளத்தை அலுவலக வலையமைப்பின் நடுவே நிறுத்த நான் இசையவில்லை.

பக்கம் திறந்தது, தமிழைக் காணோம். திரை நிறைய ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். தம்பி திகைத்தார், எனக்கோ மகிழ்ச்சி. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியாகத்தான் பதிவாகும். எழுத்துருவை நிறுவியதும் மரண அறிவித்தல்கள் வரிசையாகத் தெரிந்தன. இப்போது அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி வருகிறோம். இடையிடையே வரும் ஆங்கிலப் பெயர்களையும் மாற்றி மென்பொருள் பொருளற்ற தமிழாக்கிவிடுவதால், ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவர் வாசித்தே ஆகவேண்டியுள்ளது.