ஹலாலுக்குப் பிறகு ஒரு கேள்வி

ஊரில் புதிதாக ஓர் உணவுக்கடை திறக்கப்பட்டால் நாம் முதலில் கேட்பது, "ஹலாலா?" என்றுதான். ஆம் என்ற பதில் வந்ததும் நமது விசாரணை முடிந்துவிடுகிறது. பொரித்த கோழி, பர்கர், சீஸ் கொத்து, கூடவே ஒரு பெரிய குளிர்பானம் என்று எவ்வளவு வந்தாலும் பிறகு நாம் எதையும் கேட்பதில்லை.

அல்குர்ஆன் அத்துடன் நிறுத்தவில்லை. ஸூரதுல் பகராவின் 168ஆம் வசனம் 'ஹலால்' என்பதோடு 'தய்யிப்', அதாவது நல்லது, தூய்மையானது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஸூரதுல் அஃராபின் 31ஆம் வசனம் உண்ணவும் பருகவும் அனுமதித்த கையோடு விரயத்தைத் தடுக்கிறது. வயிற்றின் மூன்றில் ஒரு பங்கை மூச்சுக்காக விட்டுவைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். ஹலாலுக்குக் கடைக்காரர் சான்றிதழ் காட்டலாம். அளவுக்குச் சான்றிதழ் தர எவராலும் முடியாது. அது உண்பவரின் பொறுப்பு.

2016 முதல் நம் நாட்டில் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீடு இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அப்படியான 400 மில்லிலீற்றர் போத்தலில் 44 கிராமுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 11 தேக்கரண்டி சீனி! வீட்டில் ஒரு கோப்பைத் தேநீருக்கு இவ்வளவு சீனி போட்டால் எந்த உம்மாதான் சும்மா இருப்பார்? ஆனால் கடையில் சிவப்பு வட்டத்தைப் பார்த்தபடியே மூடியைத் திறக்கிறோம். அரசாங்கம் நிறத்தைக் காட்டலாம். போத்தலைத் திரும்ப வைக்க வேண்டியது நம் கைதான்.

இதற்காகத் துரித உணவை அடியோடு வெறுக்க வேண்டியதில்லை. பரீட்சை முடிந்த நாளில் தோழியருடன் கொத்து சாப்பிடுவதும் ஒரு மகிழ்ச்சிதான். நமது கலியாண வீடுகளில் ஒரு ஸஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்வார்கள். பக்கத்தில் இருப்பவரின் பங்கு கண்முன்னே இருப்பதால் கை தானாகவே அளவறிந்து நிற்கும். பெட்டியில் வரும் உணவு தனி ஒருவருக்கானது. அங்கே நம்மை நிறுத்த எவரும் இல்லை. எனவே ஒரு பெட்டியை இருவர், மூவர் பகிர்ந்துகொள்ளலாம். வாரத்தில் பல நாள் என்பதை மாதத்தில் ஓரிரு நாளாக்கலாம். குளிர்பானத்துக்குப் பதிலாகத் தண்ணீர் கேட்கலாம்.

விளம்பரங்களும் விலைக்கழிவுகளும் நம்மை இழுப்பது உண்மைதான். அவற்றைச் செய்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. ஆனாலும் நாளை நீரிழிவு வந்தால் மருந்து உட்கொள்ளப்போவது நாம்தான். அனுபவித்த அருட்கொடைகள் பற்றி விசாரிக்கப்படுவோம் என்று ஸூரதுத் தகாஸுர் எச்சரிக்கிறது. உடல்நலம் அவற்றுள் பெரியதொன்று. "விளம்பரம் அழைத்தது, போனேன்" என்பது அன்று பதிலாகுமா?

தோழியரே, "ஹலாலா?" என்று கடைக்காரரிடம் கேட்கும் நல்ல பழக்கத்தை விடாதிருப்போம். உணவு மேசைக்கு வந்த பிறகு, "இது எனக்கு அளவானதா?" என்று நம்மிடமும் கேட்டுப் பழகுவோம்.