மனப்படமும் மலைச்சாமையும்

பொருள் ஒன்று, அதனைப் பற்றி மாந்தர் உள்ளத்திற் கொண்ட எண்ணம் மற்றொன்று. வணிகவியல் பயில்வார்க்கு இவ்வேறுபாட்டை விளக்கும் கருவிகளுள் மனப்படம் என்பதும் ஒன்றாம். நாட்டுப்படம் ஊர்களின் தொலைவைக் காட்டும். மனப்படமோ, வாங்குவோர் கருத்தில் ஒரு சரக்கு மற்றொன்றினின்று எத்துணை விலகி நிற்கின்றது என்பதனைக் காட்டும்.

தமிழ் பயிலும் எனக்கும் இதற்கும் யாது தொடர்பு என நண்பர்கள் வினவலாம். தமிழ்வழியிற் கற்று வந்த முதலாண்டு வணிகவியல் மாணவர் சிலர்க்கு இப்பாடத்தைத் தாய்மொழியில் எடுத்துரைக்குமாறு அவர்தம் ஆசிரியர் என்னைப் பணித்தார். அவருட் சிலர் என்னைப் போலக் கள்ளக்குறிச்சி நகரத்தார். சிலர் கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பக்கத்தினின்று வந்த மலையாளிப் பழங்குடியினர்.

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியம் கூறுதலை அவர்கள் முன்னரே அறிவர். அவ்விரண்டையும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்டால் ஒவ்வோர் அகப்பாட்டிற்கும் ஓரிடம் கிடைக்குமன்றோ? சரக்கிற்கும் அங்ஙனமே இரு பண்புகளைத் தேர்ந்து கோடிடுக என்றேன். குறுக்குக்கோடு விலையின் குறைவு மிகுதிகளைக் குறித்தது. நெடுக்குக்கோட்டின் கீழ்முனை அன்றாட உணவையும், மேல்முனை உடல்நலங் கருதி வாங்கும் உணவையும் குறித்தன. ரேஷன் அரிசி, பொன்னி அரிசி, கோதுமை, கேழ்வரகு, சாமை என்னும் ஐந்திற்கும் ஒவ்வொருவரும் 1 முதல் 7 வரை மதிப்பெண் இட்டனர். சராசரி கண்டு புள்ளி வைத்தோம். பண்புகளைக் கூறாது, எது எதனை ஒக்கும் என்று மட்டும் வினவி, அவ்விடைகளினின்றே படம் வரையும் கணக்கை 1962-இல் ஷெப்பர்டும் 1964-இல் குருஸ்கலும் அமெரிக்காவில் வகுத்தனர். எமக்கோ எளிய முறையே போதியதாயிற்று.

சாமை படத்தின் நடுவில் வந்து நின்றது. மதிப்பெண் தாள்களைப் புரட்டியபோது, அவ்விடத்தில் அதனை வைத்தவர் ஒருவருமிலர்! நகரத்தார் அதனை விலையுயர்ந்த நலவுணவென மேல்மூலையில் வைத்திருந்தனர். மலைவாணரோ மலிந்த அன்றாட உணவெனக் கீழ்மூலையில் வைத்திருந்தனர். இரு வேறு உள்ளங்களின் சராசரி எவருள்ளமும் அன்று. ஆதலின் படங்களை இரண்டாகப் பிரித்தெழுதினோம்.

அப்பொழுது மலைமாணவர் ஒருவர் மெல்லக் கூறினார்: “எங்கள் வீட்டிற் சாமையை விற்றுவிட்டு, ரேஷன் கடையில் விலையின்றி வரும் அரிசியை உண்கிறோம். இங்கே அரிசியை விட்டுச் சாமையைத் தேடி வாங்குகிறார்கள், அண்ணா.” ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டெனக் கொண்டாடியதைக் கூற எண்ணியிருந்த யான் சிறிது நேரம் வாளாவிருந்தேன்.

நகரத்தார் படத்தில் ஒரு மூலை வெறுமையாயிருந்தது: விலை குறைந்த நலவுணவு. வெற்றிடங் கண்டு புகுவதே வணிகரின் திறம். நம் பழைய தென்னார்க்காட்டுக் கடலூரைச் சேர்ந்த சி. கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய சிக் ஷாம்பு, சிறு உறையில் எளியோர் கைக்கெட்டும் விலைக்கு வந்து அத்தகையதோர் இடத்தைப் பற்றியது. ஆயினும் வெற்றிடமெல்லாம் வாய்ப்பன்று. விரும்புவாரின்மையால் வெறுமையானதும் உண்டு. அவ்விலைக்கு ஆக்கித் தருதல் இயலாமையால் வெறுமையானதும் உண்டு. சாமையை உமி நீக்கி, கல் பொறுக்கி, மலையினின்று இறக்கிக் கடைசேர்க்கும் செலவை யார் தாங்குவது? விளைத்தவர் பங்கைக் குறைத்தே அம்மூலையை நிரப்புவதாயின் அஃது அறமாகாது.

மனப்படம் வாங்குவோர் உள்ளத்தைக் காட்டும். விற்போர் அடுக்களையைக் காட்டாது. அது கருவியின் குற்றமன்று, அதன் எல்லையே. இக்கலை கற்கும் தோழர்கள் புள்ளி வைக்குமுன், ‘இது யாருடைய உள்ளம்?’ என்றும், வைத்தபின், ‘இதனால் யாருடைய கலம் நிறையும்?’ என்றும் வினவுவாராக. அவ்விரு வினாக்களோடு பயிலின் வணிகம் நாட்டிற்குப் பெருந்தொண்டாகும்.