அப்பாவின் வலது காது

சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா அங்கே கிராணி. லயத்தில் யாருக்குச் சண்டை என்றாலும் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். அப்பாவுக்கு இடது காது கேட்காது. வலது காதைத் திருப்பிக்கொண்டு, இரண்டு பக்க நியாயத்தையும் பொறுமையாகக் கேட்பார்.

1974-இல் அவரை ஜூரியாக வரச் சொல்லிக் கடிதம் வந்தது. ஆங்கிலம் தெரிந்தவர் என்பதால் பட்டியலில் பெயர் ஏறியிருக்க வேண்டும். தூக்குத் தண்டனைக்குரிய கொலை வழக்குகளில் அப்போது 7 பேர் ஜூரியாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார்கள்.

அம்மா பயந்துவிட்டார். "ஒருத்தன் உசுரு நம்ம கையில எதுக்கு? காது கேக்காதுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க."

அப்பா வாங்கி அனுப்பினார். விலக்கு கிடைத்தது. அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தார்.

அன்று ராத்திரி அப்பா சொன்னார்: "கிட்ட உக்கார வெச்சிருந்தா கேட்டிருக்கும். அப்படி முடியுமான்னு யாரும் கேக்கல. நானும் கேக்கல."

1995-இல் மலேசியாவில் ஜூரி முறையே போய்விட்டது. அப்பாவும் இல்லை.

இப்போது எனக்கும் காது மங்குகிறது. பையில் ஓகேயு கார்டு இருக்கிறது. கூட்டங்களில் "நீங்க சிரமப்பட வேணாம், வீட்டுல இருங்க" என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள்.

நான் போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். "கொஞ்சம் சத்தமா பேசுங்க" என்று கேட்டுவிடுகிறேன்.