கோழிக்கூடு கட்டிய கதை

ஓய்வு பெற்று மூன்று வருடம் கழித்து, போன சித்திரையில் எனக்குக் கோழி வளர்க்கும் ஆசை வந்தது. தென்காசிப் பக்கம் வீடு கட்டி வந்ததில் பின்னால் ஒன்றரை சென்ட் சும்மா கிடக்கிறது. ஒரு முருங்கை, இரண்டு வாழை, துணி காயப்போடும் கொடி. அவ்வளவுதான்.

"கோழியக் கொழம்புல பாத்ததத் தவிர நீங்க வேற எங்க பாத்திருக்கீங்க?" என்றாள் என் மனைவி.

அப்படிச் சொல்லிவிட முடியாது. நான் கோழிகளுக்கு நடுவில் வளர்ந்தவன். ஆனால் உற்றுப் பார்த்தேனா என்றால், இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

தபால் ஆபீஸில் 34 வருடம் குப்பை கொட்டியவனுக்கு எதையும் காகிதத்தில் போடாமல் ஆரம்பிக்க வராது. பேத்தியின் கணக்கு நோட்டில் கட்டம் போட்ட தாளைக் கிழித்து வரைந்தேன். நீளம் 6 அடி, அகலம் 4 அடி, முன்பக்கம் 6 அடி உயரம், பின்பக்கம் 5. பகலில் மேயப் போகிற ஏழு கோழிகள் ராத்திரி அடைவதற்கு 24 சதுர அடி தாராளம். நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும் என்று படித்திருந்தேன். அப்போதுதான் காலை வெயிலும் சாயங்கால வெயிலும் குட்டைச் சுவர்களில் படும்; வலை அடித்த நீளப் பக்கங்களில் காற்று ஓடும். நம் பக்கத்துக்கு மட்டும் அதில் ஒரு திருத்தம் வேண்டும். ஆனி, ஆடியில் சாரல் மேற்கேயிருந்து சாய்ந்தடிக்கும். அதனால் மேற்குச் சுவரை முழுக்கச் செங்கல் வைத்து அடைத்தேன். மொத்தக் கட்டுமானத்திலும் நான் உருப்படியாக யோசித்தது இந்த ஒன்றுதான்.

கூரைக்குத் தகரம் வாங்கப் போனவனை வெல்டிங் பட்டறைக்காரர் தடுத்தார். "கோட வெயில்ல உள்ள இருக்கது அவிஞ்சு போயிரும் சார்." பழைய வீடு இடித்த இடத்தில் சீமை ஓடு வாங்கி வந்து போட்டேன். அடைவதற்குக் குறுக்கே இரண்டு வேப்பங்கம்பு, தரையில் மூன்று விரல் கனத்துக்கு உமி. பாதி ஆணி வளைந்தது. சுத்தியல் பட்ட இடது கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்து இப்போதுதான் முளைக்கிறது. ஆனாலும் வேலை முடிந்த அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தக் கூட்டையே பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பொருளை என் கையால் செய்தது அதுதான் முதல் தடவை.

வைகாசிக் கடைசியில் சந்தையில் மூன்று மாத வயதில் ஆறு விடையும் ஒரு சேவலும் வாங்கினேன். புது இடம் பழக வேண்டுமே என்று ஒரு வாரம் வெளியே விடவில்லை. எட்டாம் நாள் திறந்துவிட்டேன். பொழுது சாய ஏழும் தானாகவே வந்து அடைந்தன. எனக்கு அப்படி ஒரு பெருமை.

ஒன்பதாம் நாள் ராத்திரி ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. சாரல் தொடங்கியிருந்தது, ஓட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் என்று திரும்பிப் படுத்துவிட்டேன். காலையில் போய்ப் பார்த்தால் உமி முழுக்க இறகு. இரண்டு விடை கழுத்துக் கடிபட்டுக் கிடந்தன. ஒன்றைக் காணவே இல்லை. மீதி நான்கும் மேல் கம்பின் மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கதவைத் திறந்த பிறகும் இறங்காமல் நின்றன.

"கீரியாத்தான் இருக்கும்" என்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அம்மாள் வந்து பார்த்தார். எழுபதைத் தாண்டியவர், கோழி, ஆடு எல்லாம் வளர்த்தவர். "கீரி பகல்ல வரும் அண்ணாச்சி. ராத்திரி வந்தா மரநாயி, இல்லன்னா காட்டுப்பூன" என்றவர், கதவின் கீழ் மூலைக்குக் குனிந்து கையை விட்டுக் காட்டினார். நாலு விரல் இடைவெளி. கீழே கொக்கி வைக்காததால் தள்ளத் தள்ள அது விரிந்து கொடுத்திருக்கிறது. நான் வரைந்த தாளில் அந்தக் கதவு சட்டத்தோடு கச்சிதமாகப் பொருந்தித்தான் இருந்தது.

அன்றைக்குத்தான் அம்மாவின் கூடு ஞாபகத்துக்கு வந்தது. கிராமத்து வீட்டில் அடுப்படிச் சுவரை ஒட்டி மண்ணால் கட்டிய கூடு. வாசலுக்கு ஒரு பலகைக்கல், அதற்கு முட்டுக்கொடுக்க உடைந்த அம்மி ஒன்று. விளக்கு வைத்ததும் அம்மா உள்ளே கையை விட்டு ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவாள். எண்ணிக்கை சேர்ந்தால்தான் கல்லை வைப்பாள். காலையில் திறக்கும்போது பெட்டைகளைப் பிடித்து, முட்டை இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துத்தான் வெளியே விடுவாள். முட்டை இருந்தால் அதைப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுவாள். பக்கத்து வீட்டுப் படப்பில் போய் இட்டுவிடக்கூடாது அல்லவா. அந்த முட்டைக் காசில்தான் எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் பணம் கட்டினாள். தபால் ஆபீஸில் சாயங்காலம் பணத்தை எண்ணி, கணக்கு நேரானால்தான் பெட்டியைப் பூட்டுவோம். அம்மா செய்ததும் அதே வேலைதான் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அப்பா போன பிறகு அம்மா பாளையங்கோட்டையில் எங்களோடு வந்திருந்தாள். வாடகை வீடு. ஒருநாள் கேட்டாள்: "ஏய்யா, பின்னால ரெண்டு கோழி வளத்துக்கிடட்டுமா?"

"நாறும்மா. வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ" என்றேன். வீட்டுக்காரரிடம் நான் கேட்கவே இல்லை. அம்மாவும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஐந்து வருடம் அந்த வீட்டில் இருந்தாள்.

கூட்டைப் பிரித்து மறுபடி செய்தேன். முதலில் அடித்திருந்தது அறுகோணக் கண் வைத்த கோழி வலை. அது கோழியை உள்ளே நிறுத்தும், வெளியிலிருந்து வருவதை நிறுத்தாது. இந்தத் தடவை அரை இஞ்ச் வெல்டு மெஷ். அடிப்பக்கத்தை வெளிப்புறமாக ஒரு அடி மடக்கி மண்ணுக்குள் புதைத்தேன், தோண்டிக்கொண்டு எதுவும் வரக்கூடாது என்று. கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள். உமி நனைந்தால்தான் நாற்றம் வருகிறது. இரண்டு நாளைக்கு ஒருதரம் கிளறிவிட்டால் வாடையே இல்லை. வாடை இல்லை என்று தெரிந்த அன்று சோறு இறங்கவில்லை.

தடுப்பூசியும் போட்டாயிற்று. ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்கிறார்களே, அதற்கு. ராணிக்கெட் என்பது உத்தராகண்டில் ஒரு மலையூர். அங்கே கண்டதால் நோய்க்கே அந்தப் பெயர் விழுந்துவிட்டது. பாவம் அந்த ஊர். தை முடிந்து பிப்ரவரியில் கால்நடைத் துறை முகாம் வழக்கமாக நடக்கும்; கோழி வைத்திருப்பவர்கள் தவற விடாதீர்கள்.

இப்போது பொழுது சாய்ந்ததும் டார்ச் அடித்து நான்கையும் தொட்டு எண்ணிவிட்டுத்தான் தாழ் போடுகிறேன். "நாலு கோழிய எண்ண இவ்வளவு நேரமா?" என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்பாள்.

ஆவணியில் முட்டையிட ஆரம்பித்தன. கறுப்பு விடை அடைக்குப் படுத்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கத்து அம்மாள் சொன்னபடி மண்சட்டியில் மணல் பரப்பி ஒன்பது முட்டை வைத்திருக்கிறேன். 21 நாள் கணக்கு. இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள்.